நெல் ஆலையின் தகடு

1954 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை. ஏழரை மணிக்குத் தபால் கந்தோரைத் திறந்தேன். தொலைபேசிப் பலகையைத் துடைத்து, இருபது இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எட்டு மணிக்கு முதல் அழைப்பு. என் நாட்குறிப்பில் இவ்வளவுதான் இருக்கிறது. மிச்சத்தை அன்று எழுதக் கை வரவில்லை.

ஊரில் ஒருவர் தன் தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினால், பலகையில் அவருடைய எண்ணுக்குரிய சிறு பித்தளைத் தகடு கீழே விழும். அதைத் தூக்கிவிடும் வரை மணி அடிக்கும். ஆகவே முதலில் தகட்டைத் தூக்க வேண்டும், பேச்சு பிறகுதான். விழுந்து கிடக்கும் தகடு இரண்டாம் தடவை விழாது. அவர் எவ்வளவு சுற்றினாலும் நமக்குத் தெரியாது. பதினொரு வருடங்களாக இந்த ஒழுங்கை நான் தவறவிட்டதில்லை.

பத்து மணிக்கு நெல் ஆலையின் தகடு விழுந்தது. மாவடிப்பள்ளிப் பக்கத்து ஆலை. என் மனைவியின் தம்பி அங்கேதான் வேலை. அன்று மட்டும், அங்குள்ள கணக்கப்பிள்ளை நேரம் கேட்டதும் தகட்டைத் தூக்காமலே சொல்லிவிட்டேன். தகட்டுக்குக் கை போகுமுன் தபால் அதிபர் பின்னால் வந்து நின்றார்.

"முதல்ல கடை முதலாளிக்கு மட்டக்களப்பைக் குடுங்க. பாவம், நிண்டு வேர்க்கிறார்."

கொடுத்தேன். மணி நிற்கவில்லை. பக்கத்துத் தொலைபேசிப் பெட்டிக்குள் மகளின் கல்யாண விருந்தைப் பேசிக்கொண்டிருந்த முதலாளி கத்தினார்: "பத்து ஆடு காணாது எண்டு செல்றன்! என்னகா இந்தக் கிணுகிணுப்பு? மாப்பிள்ளை ஊட்டார் கதைக்கிறது ஒண்டும் கேக்குதில்ல!"

அதிபர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி மணியின் ஆளியை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினார்.

"சேர், தகடு..."

"அது பொறகு. அங்க தந்தி எழுத ஆக்கள் நிக்கிறாங்க, போங்க."

ஒரு விரல் போதும், தூக்கியிருக்கலாம். எழுந்து போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்து ஆலைத் தொழிலாளி ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "சுத்திச் சுத்திக் கணக்கப்பிள்ளைட தோள் கழண்டு போச்சு! உள்ளுக்கு நித்திரையா கொள்றீங்க? ஆசுபத்திரி வண்டியை அனுப்பச் செல்லுங்க. உங்கட மச்சான்ட கை பெல்ட்டுக்குள்ள போயிட்டு!"

பலகையைப் பார்த்தேன். ஆலையின் தகடு, பத்து மணிக்கு நான் விட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் கை மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். பின்னேரம் அதிபர் ஒரு தாளைத் தந்தார். "லைன் பழுது எண்டு எழுதுங்க. உங்களுக்கும் நல்லம், எனக்கும் நல்லம்." எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகு என்று பாராட்டியும் வைத்தார்.

மறுநாள் விடியலில் சுபஹுத் தொழுததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் விழித்திருந்தான்.

"லைன் அறுந்து போன எண்டு எல்லாரும் செல்றாங்க, மச்சான்."

"லைன் நல்லாத்தான் இரிந்த. தகட்டை நான் தூக்கல்ல" என்றேன். "லைன் பழுது எண்டு எழுதிக் குடுத்ததும் நான்தான்."