தட்டில் வளர்ந்த பூசணம்

முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போன இடத்தில் என் மனைவிக்கு வலது கண்ணில் காய்ந்த இலை கிழித்துவிட்டது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரி தாய்ப்பால் விட்டாள். எங்கள் பக்கம் கண்ணுக்கு அதுதான் முதல் மருந்து. கேட்கவில்லை. கருவிழியில் வெள்ளை விழுந்தது.

நான் நிலக்கரிச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளுவேன். ஷிப்டை விட்டுவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் கண்ணைச் சுரண்டி லேபுக்கு அனுப்பினார். பூசணம் என்றார். எந்தப் பூசணம் என்று தெரியும்வரை விடச் சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். ஒன்றுக்குக் கேட்பது இன்னொன்றுக்குக் கேட்காதாம்.

அடுத்த முறை லேபு அம்மா ஒரு வட்டத் தட்டைக் காட்டினார். கண்ணில் சுரண்டியதை அதில் வளர்க்கிறார்களாம். வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது.

"ரெண்டு மூணு வகை இப்படியேதாங்க இருக்கும். விதை வுட்டாதான் எதுன்னு சொல்ல முடியும். இது இன்னும் வுடல."

மனைவியிடம் சொன்னேன். அவள் நாற்று நட்டு, களை பறித்து வளர்ந்தவள். அவளுக்குப் புரிந்தது.

"நெல்லுக்குள்ள குதிரைவாலிப் புல்லு நிக்குமே, அந்த மாதிரி. கதிரு வந்தாதான் தெரியும்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உன்னையும் தூரத்துல பாத்தா பர்மனண்ட் ஆளுன்னுதான் நெனப்பாங்க."

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

கண்ணில் அது வளரக் கூடாது. தட்டில் வளர வேண்டும். இரண்டும் ஒரே பூசணம். சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. பெல்ட்டடியில் கரி அள்ளும்போதும் அந்தத் தட்டுதான் நினைவில். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டோம். வெள்ளை பரவிக்கொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர என்னால் ஆனது ஒன்றுமில்லை.

ஒரு வழியாக விதை விட்டது. லேபு அம்மா பெயர் சொன்னார். என் வாயில் நிற்கவில்லை. டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றினார். பூசணம் நின்றது. அதற்குள் கருவிழி முழுக்க வெளுத்திருந்தது. வலது கண்ணில் இனி வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார். யார் மேலும் குற்றம் இல்லை. அது விதை விடாமல் யார்தான் என்ன செய்ய முடியும்.

போன வாரம் மருந்து வாங்கப் போனேன். இதே மாதிரி இன்னொருவருக்கு வந்தால் ஒத்துப் பார்க்க அந்தப் பூசணத்தை எடுத்து வைத்திருப்பதாக லேபு அம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உசுரோடவா வெச்சிருக்காங்க?"

"ஆமா."

முறத்தை இடப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு மறுபடி பொறுக்கினாள்.