இடம் மாறிய சத்தம்

"நாளைக்கு விடியக்காலையில திருப்பதி கெளம்பணும். அந்தச் சத்தம் இன்னான்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் இந்த வண்டிய வுட்டு எறங்க மாட்டேன்ணா."

பின் சீட்டில் அசையாமல் உட்கார்ந்தபடி மல்லிகா இதைச் சொன்னபோது மதியம் மூன்று மணி இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தில் நான் மெக்கானிக் ஷெட் வைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த சமயம். தொண்ணூறுகளின் கடைசி. மல்லிகாவும் அவர் கணவர் குமரேசனும் பட்டு நெய்கிறவர்கள். வீட்டிலேயே தறி. செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருந்தார்கள். சின்னப் பிள்ளைக்கு மொட்டை போடத்தான் இந்தத் திருப்பதிப் பயணம்.

அந்த வண்டி ஒரே புகாரோடு என்னிடம் வருவது அது மூன்றாவது முறை. பின்னால் 'டக், டக்' என்று சத்தம் வருகிறது என்பார் மல்லிகா. ஓட்டுகிற குமரேசனோ, "எனக்கு ஒண்ணும் கேக்கலபா. இவளுக்குத்தான் கேக்குது" என்பார்.

முதல் முறை வந்தபோது பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பிரேக் டிரம், பேரிங், ஆக்ஸில் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தன. கிரீஸ் வைத்து மாட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முறை ஸ்பிரிங் பட்டைகளை இறக்கி, புஷ் மாற்றினேன். இரண்டு முறையும் நானும் குமரேசனும் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. அந்தம்மாவுக்குப் பயம், வேறொன்றும் இல்லை என்று நானும் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

மூன்றாவது முறை குடும்பத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். குமரேசனின் அப்பா, தம்பி, இரண்டு பிள்ளைகள்.

"நீங்க ரெண்டு பேர் போனா அது வராதுணா. நாங்க எல்லாரும் ஏறுனாத்தான் வரும். வந்து ஒக்காருங்க."

சரி, இதையும் பார்த்துவிடுவோம் என்று பின் சீட்டில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். குமரேசன் ஓட்டினார். வண்டி ஐயம்பேட்டை ரோட்டில் ஏறியது. இன்ஜின் இரைச்சல், பிள்ளைகளின் கூச்சல். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"தோ... வருது பாருங்க" என்றார் மல்லிகா. முன் சீட்டின் முதுகில் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். "தறியில நாடாக் கட்ட இந்தாண்ட அந்தாண்ட போய்ட்டு வர்றா மாதிரி. ஒரே கணக்கு."

விரல் தட்டியது. டக். டக். டக். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். விரலைப் பார்த்துக்கொண்டே காதைத் தீட்டினேன். சட்டென்று எனக்கும் கேட்டது! மிகச் சின்னச் சத்தம். அந்த விரல் விழுகிற அதே இடத்தில் அதுவும் விழுந்தது.

"குமரேசா, நியூட்ரல்ல போட்டு வுடு!"

வண்டி தானாக உருண்டது. இன்ஜின் இரைச்சல் அடங்கியும் சத்தம் நிற்கவில்லை. வேகம் குறையக் குறைய அதுவும் நிதானமானது. அப்படியானால் இன்ஜின் இல்லை, கியர் பாக்ஸ் இல்லை. சக்கரம் சுற்றுகிற கணக்கில் வருகிற சத்தம். வலது பக்கப் பின் சக்கரத்திலிருந்து வந்தது.

"ரைட் சைடு பேரிங்காத்தான் இருக்கும்" என்றேன்.

மல்லிகா தலையை ஆட்டினார். "மொதல்ல இந்தப் பக்கம் இல்லணா. லெஃப்ட்ல வந்துக்கினு இருந்துது. நீங்க மொத தடவ பாத்துக் குடுத்தீங்களே, அதுக்கப்புறந்தான் இங்க வந்துடுச்சி."

குமரேசன் சிரித்துவிட்டார். "சத்தம் இன்னாடி, வூடு மாத்திக்கினு போவுதா?"

நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றது. பேரிங் இடம் மாறாது. டிரம் மாறாது. ஆனால் முதல் முறை மாட்டும்போது டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்து, இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் நானேதான் மாற்றிப் போட்டேன்!

"ஓரங்கட்டு! வண்டிய ஓரங்கட்டுபா! எல்லாரும் எறங்குங்க!"

நான் கத்திய கத்தலில் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். புளியமர நிழலில் ஜாக்கி போட்டு, வலது பின் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினேன். மறுபடி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மல்லிகா கண்ணை மூடிக்கொண்டார். விரல் சீட்டின் மேல் தயாராக நின்றது. ஒரு கிலோமீட்டர் போனோம். விரல் அசையவே இல்லை.

"இல்லணா... போயிடுச்சி!" என்றார். வண்டிக்குள் இருந்த அத்தனை பேரும் கைதட்டினோம்.

ஷெட்டுக்குத் திரும்பி, கழற்றிய சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. டிங்கர் வேலை செய்யும் பாஷா பாயைக் கூப்பிட்டேன். ரிம்மைச் சுரண்டிப் பார்த்தவர், "அரே மேஸ்திரி, பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சிருக்கான் எவனோ" என்றார்.

போல்ட் ஓட்டைகளைச் சுற்றிப் பெயிண்டை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவினோம். கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, மேலே சாக்பீஸ் தூளைப் பூசினார் பாய். இரும்பில் விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மண்ணெண்ணெய் கசிந்து தூளை நனைக்கும். எல்லோரும் குனிந்து நின்றோம். வெள்ளைத் தூளின் மேல் மயிரிழை போல ஒரு கோடு எழுந்தது. ஒரு ஓட்டையிலிருந்து அடுத்த ஓட்டைக்கு. அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. ஐந்து ஓட்டைகளில் நான்கைச் சுற்றி வந்துவிட்டது.

ஆள் பாரம் ஏறினால் விரிசல் வாயைத் திறந்து மூடும். அதுதான் அந்தச் சத்தம். காலி வண்டியில் அது வராது. ஜாக்கியில் தூக்கினாலும் வராது.

பாய் சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி போட்டார். ரிம்மின் நடுத்தகடு பிய்ந்து தனியாக விழுந்தது.

திருப்பதி மலை ரோட்டின் வளைவுகள் எல்லோருடைய மனதிலும் ஓடியிருக்கும். குமரேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மல்லிகா வண்டியைக் கை காட்டினார்.

"மீதி நாலு சக்கரத்தையும் இதே மாதிரி பாத்துடுங்கணா. நான் இங்கியேதான் இருப்பேன்."

பார்த்தோம். நான்கும் நன்றாக இருந்தன. வேறு ரிம் வாங்கி டயரை ஏற்றி ஸ்டெப்னியாக வைத்துக் கொடுத்தேன். மறுநாள் விடியற்காலையில் கிளம்பிப் போய், மொட்டை போட்டு நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாளே அந்தச் சக்கரம் என் கைக்கு வந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு மற்ற எல்லா இடத்திலும் பழுதைத் தேடினேன். சக்கரத்தையும் பார்த்திருக்க வேண்டும். புகார் சொன்னவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகு, சத்தம் கேட்கிறது என்று யார் சொன்னாலும் அவரை ஏற்றிக்கொள்ளாமல் நான் ஒரு வண்டியையும் ஓட்டிப் பார்த்ததில்லை.