பெரட்டுக்கு முன் பத்து மூச்சு

மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், குப்பியில் இல்லாத மருந்தைத்தான் ஜனங்கள் அதிகம் கேட்பார்கள். இலங்கை மலைநாட்டில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டருக்கு உதவியாக இருந்தேன்; நர்ஸைக் கூப்பிடுவதுபோல என்னையும் மிஸியம்மா என்பார்கள். நெஞ்சு படபடக்கிறது என்று வருபவர்களுக்கு எங்களிடம் ஒரு கசப்புத் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. கல்லூரி விடுதியில் பரீட்சைப் பயத்துக்காக நான் பழகிக்கொண்டது ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு மூச்சைப் பத்து வரை எண்ணுவது. நடுவில் விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. அதைச் சொல்லிக்கொடுக்கத் துணிந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் பட்ட பாடு அவர்களுக்குப் புரியும்.

அமைதியான இடம்

முதலில் சொன்னது பேச்சியம்மாவிடம். கொழுந்து எடுப்பவள். இரண்டு மாதம் முன்பு அவளுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, கூப்பிட அடிக்கிற அதே தப்பு மேளந்தான் பிணத்துக்கு முன்னாலும் அடிக்கப்படும். அன்றிலிருந்து விடியலில் தப்புச் சத்தம் கேட்டாலே அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, படியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். எழுந்து போவதற்குள் பல நாள் பெரட்டு கலைந்துவிடும். இன்னும் சில நாள் இப்படிப் போனால் பேரேட்டில் பேரை வெட்டி, குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிவிடுவதாக, வேலையை மேற்பார்க்கும் கங்காணி சொல்லியிருந்தார். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

தினமும் அமைதியான இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார் என்றேன். அவள் என்னைப் பார்த்துப் பொறுமையாகக் கேட்டாள்: "ஒரே காம்பராவுல ரெண்டு குடும்பம் இருக்கோம், மிஸியம்மா. அமைதி எந்தக் கடையில விக்கிது?"

கம்பவுண்டரின் பரிசோதனை

ஆஸ்பத்திரிப் பின் வராந்தாவில் அவளையும் இன்னும் சிலரையும் உட்கார வைக்கலாமா என்று கம்பவுண்டரிடம் கேட்டேன். தானே பார்த்துவிட்டுச் சொல்வதாக நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஆறு எண்ணியிருப்பார், குறட்டை கேட்டது. விழித்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நல்ல மருந்துதான் பிள்ளை. ஆனா குடுக்கிறவன் குடிக்கக்கூடாது."

வாசலில் கங்காணி

நான்கு பெண்கள் வந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வராததால் சுவரைப் பார்த்துக்கொண்டே "ஒன்று, இரண்டு" என்றேன். மூன்றாம் நாள் கங்காணி வாசலில் வந்து நின்றார். பெண்கள் எழுந்து முந்தானையைச் சரிசெய்தார்கள். என் எண்ணிக்கை மூன்றோடு நின்றுபோனது. அவர் கோபப்படவில்லை. "படுத்தா சீக்காளி. நின்னா வேலைக்காரி. உக்காந்திருக்கிற இவங்க யாரு, மிஸியம்மா?"

கூடையோடு

உட்காருவது அதோடு நின்றது. பிறகொரு நாள் காலில் வெட்டுப்பட்ட ஒருத்திக்குக் கட்டுப்போட மலைக்குப் போனேன். பேச்சியம்மா தேயிலைச் செடி நிரையில் இருந்தாள். இரண்டு கையும் கிள்ளும். பிடி நிறைந்ததும் தோளுக்குமேலாக முதுகுக் கூடையில் விழும். ஒவ்வொரு பிடியைப் போடும்போதும் மூச்சை விடு, பத்துப் பிடி எண்ணு என்றேன். அவள் உதடு அசைந்தது. கொஞ்ச நேரத்தில் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். பக்கத்து நிரையில் இருந்த ராக்காயி சும்மா விடவில்லை. "எண்ணு, எண்ணு. சாயங்காலம் தராசுல உன் மூச்சையும் சேத்து நிறுத்துடப்போறாங்க."

விடியல்

மலையில் சரியானது விடியலில் சரியாகவில்லை. தப்பைக் கேட்காதே, மூச்சை மட்டும் கவனி என்று சொல்லியிருந்தேன். அது என் தவறு. கேட்கக்கூடாது என்று நினைக்க நினைக்க அந்தச் சத்தம் அவளுக்குக் கூடத்தான் செய்தது. ஒரு நாள் இருட்டோடு அவளுடைய லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். இன்றும் தவறினால் பேர் வெட்டு என்று முந்தின நாளே கங்காணி சொல்லிவிட்டிருந்தார்.

வாசற்படியில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. தப்பு தொடங்கியதும் என் கையைப் பிடித்தாள். "மூச்சை மட்டும்" என்று ஆரம்பித்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள், மூச்சை அல்ல, அடியை. ஒன்று, இரண்டு. கண்ணீர் வழிந்தது, எண்ணிக்கை நிற்கவில்லை. பத்து வந்ததும் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். சுவரைப் பிடித்து எழுந்து, கம்பளியைத் தலையில் போட்டு, கூடையை மாட்டிக்கொண்டாள். தப்பு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் கேட்காமலே சொன்னாள்: "புள்ளையத் தூக்குன அன்னைக்கு நான் மயங்கிக் கெடந்தேன், ஒரு அடிகூட கேக்கல. மொத பத்து எம் புள்ளைக்கு, மிஸியம்மா. மிச்சந்தான் பெரட்டுக்கு."

அவளுடைய பேர் வெட்டப்படவில்லை. சொல்லிக்கொடுத்த எனக்குத்தான், கங்காணியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால், இன்றைக்கும் மூன்றுக்கு மேல் எண்ண வருவதில்லை.