சைலன்சர் ஏறிச்சு, வண்டி ஏறல

பைக் மெக்கானிக் தொழிலில் வண்டியைப் பிரிப்பது சுலபம். வண்டிக்காரர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிற வண்டியைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. சக மெக்கானிக்குகளே, மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு 'நாளைக்கு வாங்க' என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டு நொந்துபோன பெரியோர்களே, இரண்டு கட்சிக்கும் பொதுவான கஷ்டத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் பட்டறை தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு ஷோரூம் திறந்தார்கள். சீனாவில் செய்த சின்ன பைக். டேங்க் எருமை மாதிரி இருக்கும், இன்ஜின் ஆட்டுக்குட்டி. திறப்பு விழாவுக்குக் கட்டின தோரணம் காய்ந்து உதிர்வதற்குள் ஷோரூமை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பிரியாணிக் கடை. வண்டி வாங்கியவர்கள் முதலில் பிரியாணிக் கடையில் விசாரித்துவிட்டு, அப்புறம் என்னிடம் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் மைதீன் பாய்.

முப்பது டன்னும் ஒரு ஆளும்

மைதீன் பாய் மஸ்கட்டில் பல வருஷம் ட்ரெய்லர் லாரி ஓட்டியவர். லீவில் ஊருக்கு வந்தால் மச்சான் வண்டி, தம்பி வண்டி என்று இரவல் வாங்கித்தான் ஓட்டுவார். அந்த வேலையை முடித்துக்கொண்டு அச்சன்புதூர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் முதல் காரியமாக இந்த வண்டியை வாங்கினார். சொந்த வண்டியில் சம்சாரத்தை உட்கார வைத்து ஐந்தருவிக்குப் போகவேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

சாரல் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கிளம்பினார்கள். ஐந்தருவி போகிற வழியில் ஏற்றம் வந்தது. வண்டி மூன்றாவது கியரில் முனகி, இரண்டாவதில் அழுது, முதல் கியரில் நின்றேவிட்டது. அவர் சம்சாரம் பாத்திமா அக்கா இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நடந்தார். பாய் வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் உருட்டி மேலே போய்ச் சேர்ந்தபோது, அக்கா ஒரு கடை வாசலில் நின்று நேந்திரங்காய் சிப்ஸில் பாதிப் பொட்டலத்தைக் காலி செய்திருந்தாராம்.

மறுநாள் நான் பட்டறையைத் திறக்கும் முன்பே பாய் வாசலில் நின்றார். "சைலன்சர மாத்துனா பவர் கூடும்னு யூடியூப்ல ஒருத்தன் சொல்லுதான்" என்றார். இன்ஜினே சின்னது, அதில் சைலன்சர் என்ன பண்ணும் பாய் என்று இழுத்தேன். என் ஸ்பானர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முப்பது டன் ஏத்துன ட்ரெய்லர மலைப்பாதையில ஓட்டுனவன்டே நான். ஒரு பொம்பளைய ஏத்த முடியலன்னு எங்க தெருவுல பேச்சாயிட்டு."

மாப்பிள்ளை அழைப்பு

சைலன்சரை ஆன்லைனில் வரவழைத்தார். அதுவும் சீனாதான். ஆனால் ஒரே ஊர்க்காரர்கள் என்ற பாசம் இரண்டுக்கும் இல்லை. இன்ஜினில் போல்ட் ஒரு இடத்தில் இருந்தது, சைலன்சரில் ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. லேத்தில் ஒரு இரும்புத் தகடு வெட்டி வாங்கி, அதை நடுவில் வைத்துச் சம்பந்தம் பேசி முடித்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் எதிர்த்த வேப்பமரத்துக் காக்காய் எல்லாம் எழுந்து போயின. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

இங்கே ஒரு விஷயம். புகை சுலபமாக வெளியே போனால், உள்ளே காற்று அதிகமாக வரும். அதற்குத் தகுந்த பெட்ரோலைக் கார்ப்பரேட்டர் கொடுத்தாக வேண்டும். பழைய கார்ப்பரேட்டருக்கு அது தெரியாது. பழைய அளவையே கொடுக்கும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சருக்குள் 'படார்' என்று வெடிக்கும். "ரெண்டு நாள் பொறுங்க பாய், கார்ப்பரேட்டரையும் பாத்துருதேன்" என்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு எவர் பொறுப்பார்? அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

குத்துக்கல்வலசைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை கார் வரப்போகிறது என்று வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள், அவர்கள் பக்கத்தில் மேளக்காரர்கள். ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்துப் பாய் ஆக்ஸிலேட்டரை விட, வண்டி மூன்று வெடி போட்டது. வேட்டுச் சத்தம் கேட்டதும் நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. ஆரத்தித் தட்டு ரோட்டுக்கே வந்துவிட்டது. வண்டியும் அதே இடத்தில் ஆஃப். வேர்க்க வேர்க்கக் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்த பாயிடம் தவில்காரர் ரொம்ப மரியாதையாகக் கேட்டாராம்: "அண்ணாச்சி, நீங்க கெளம்புதீங்களா, இல்ல மாப்பிள்ள வார வரைக்கும் உங்களுக்கே வாசிக்கட்டா?"

துக்கம் விசாரித்தல்

கார்ப்பரேட்டர் தேடி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடை அண்ணாச்சி எந்தச் சாமானும் இல்லையென்று சொல்லாத மனுஷர். "எந்த வண்டிக்குடே?" என்று கேட்டுக்கொண்டே டிராயரை இழுத்தார். நான் வண்டியின் பெயரைச் சொன்னேன். இழுத்த டிராயரை மெதுவாகத் தள்ளி மூடினார். பக்கத்துக் கடைக்குக் கை காட்டி இரண்டு டீ சொன்னார். ஏன் அண்ணாச்சி என்றேன். "மொதல்ல டீயக் குடி. துக்கத்துல வந்தவனச் சும்மா அனுப்பப்படாதுல்லா."

குக்கர் வைத்தியம்

கடைசியில் அவரே வேறொரு கம்பெனி வண்டியின் கார்ப்பரேட்டரை எடுத்துத் தந்தார். கொஞ்சம் பெரிய வாய். கூடவே சின்னதும் பெரியதுமாய் ஒரு கை ஜெட். ஜெட் என்பது பெட்ரோல் இறங்குகிற ஊசித் துவாரம் உள்ள சிறு பித்தளைத் திருகு. சரியான ஜெட் எது என்று, இன்ஜினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் கூட, வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நிம்மதி.

மூன்று நாள் மாற்றி மாற்றிப் போட்டேன். பிளக் வெளுப்பாகவே இருந்தது. வண்டி நின்ற இடத்திலேயே சும்மா உறுமும், தணியும், மறுபடி உறுமும். டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் ஒரு யோசனை இருந்தது. ஒருவர் பெட்ரோல் பங்கை மாற்றச் சொன்னார். இன்னொருவர் எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். நான் எல்லாருக்கும் பொதுவாக, 'சீனாக்காரன் இன்ஜின் அப்படி' என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் பாயோடு பாத்திமா அக்காவும் வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எழுந்து வந்து இன்ஜினுக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் விரலை நீட்டினார். "தம்பி, இங்கன உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே. குக்கர்ல ரப்பர் சரியா உக்காரலன்னா இப்படித்தான் வரும்." குனிந்து பார்த்தேன். நான் முதல் நாள் போட்ட ரப்பர் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் காற்று தன் இஷ்டத்துக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது. சீனாக்காரன் பேரில் நான் போட்ட பழியெல்லாம் என் கைவேலை. அதை நிமிர்த்தி வைத்து, ஜெட்டையும் சரியாகப் போட்டதும் பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்: "வெக்கப்படாதீங்க தம்பி. குக்கரு ரிப்பேர் வந்தா நானும் அக்கம்பக்கத்துல கேட்டுத்தான் பாப்பேன்."

சாட்சி சொல்லாத வண்டி

வண்டி இப்போது இழுத்தது. சத்தமும் அப்படியே இருந்தது. அதைக் கொஞ்சம் குறைப்போம் பாய் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு வாரத்தில் குற்றாலம் ரோட்டில் போலீஸ்காரர்கள் பாயையும் வண்டியையும் பிடித்துவிட்டார்கள்.

மத்தியானம் எனக்குப் போன். ஸ்டேஷனிலிருந்து. சைலன்சர் மாட்டியவன் நீதானே, உடனே வா என்றார்கள். சீசன் நேரத்தில் சைலன்சர்களைப் பறிமுதல் செய்கிறார்கள், மாட்டிய பட்டறைக்காரனையும் விடுவதில்லை என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. பட்டறை போய்விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

அங்கே போனால் வேறு கதை. எஸ்.ஐ. கையில் சத்தம் அளக்கிற மெஷின். அளந்து எழுதினால்தான் கேஸ். வண்டியோ ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு ஏட்டையா சாரலில் நனைந்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்துக்கொண்டிருக்கிறார். பாய் ஓரமாக நின்று வானத்தைப் பார்க்கிறார். அத்தனை வெடி போட்ட வண்டி ஸ்டேஷன் வாசலில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. "நீ ஸ்டார்ட் பண்ணு" என்றார் எஸ்.ஐ. பண்ணினால் கேஸ் எனக்கு; பண்ணாவிட்டால் 'இவன் என்ன மெக்கானிக்' என்ற பேரும் எனக்கு. என் கிறுக்குப் புத்தி இரண்டாவதற்குத்தான் அதிகமாகப் பயந்தது. சோக்கை இழுத்துவிட்டு ஒரே உதை. வண்டி கர்ஜித்தது. ஏட்டையா அசந்து போனார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. எஸ்.ஐ. மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேல சுத்தமா இருக்குப்பா. அதனாலதான் ஒன் பேரையும் சேத்து எழுதுதேன்."

ஐந்தருவி ஏற்றம்

பெயரை எழுதியவர், மத்தியானம் முழுவதும் எங்கள் இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சாயங்காலம் எச்சரித்து அனுப்பினார். பாய்க்கு அபராதம், ஒரு வாரத்துக்குள் சத்தத்தைக் குறைத்து வண்டியைக் கொண்டுவந்து காட்டவேண்டும். சைலன்சருக்குள் ஓட்டை போட்ட குழாய் ஒன்றைச் செருகி, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை அடைத்தேன். சத்தம் பூனைக்குட்டி அளவுக்கு வந்தது. வெளியே போகிற வழி குறுகியதால் ஒரு நம்பர் சின்ன ஜெட் போட்டேன். பிளக் நல்ல பிஸ்கட். ஸ்டேஷனில் காட்டினோம், விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயும் அக்காவும் மறுபடி ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என் வண்டியில் பின்னாலேயே போனேன். ஏற்றம் ஆரம்பித்தது. மூன்றாவது கியர், பிறகு இரண்டாவது. வண்டி முனகவில்லை. பாதி ஏற்றத்தில் முன்னால் போன டூரிஸ்ட் வேன் திடீரென்று நின்றுவிட்டது. குரங்குக்குப் பழம் கொடுக்கிறார்களாம். பாயும் நின்றாக வேண்டியதாயிற்று. ஏற்றத்தில் நின்ற வண்டியை இரண்டு பேரோடு கிளப்புவது கஷ்டம். பாத்திமா அக்கா இறங்கப் போனார். பாய் திரும்பாமலே, "இரி" என்றார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வேன் நகர்ந்தது. பாய் கிளட்சை விட்ட அந்த ஒரு நிமிஷம் நான் மூச்சு விடவில்லை. வண்டி லேசாக உலுக்கி, பிடித்துக்கொண்டு, ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

மேலே நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வண்டியின் டேங்கை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எம்புட்டு வருசத்து ஆச தம்பி இவுகளுக்கு" என்றார். பாய் மட்டும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தையே பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று பக்கத்தில் போய், "என்ன பாய், ஏறிட்டுல்லா?" என்றேன். பெருமூச்சு விட்டார். "ஏறிட்டு, சரி. ஆனா ஒருத்தனும் திரும்பிப் பாக்கலையேடே."

இப்போது என் பட்டறைச் சுவரில் 'இங்கு சைலன்சர் மாற்றித் தரப்பட மாட்டாது' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், அதை நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே வருகிறவர்கள்தான் முதல் கேள்வியாக 'எந்தச் சைலன்சர் நல்லா இருக்கும்?' என்று கேட்கிறார்கள்.