ஓடையில் தேங்கிய நீலம்

பாப்பாவுக்கு இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது பேக்கிங் மஞ்சுளாவிடமிருந்து போன் வந்தது. "ரோஸ்லின் அக்கா போயிட்டாங்க, தெரியுமுங்களா? மாரடைப்பாம். ஊருக்குக் கொண்டுபோய் அடக்கமும் பண்ணியாச்சுங்க." நான்கு நாட்கள் ஆகியிருந்தன. எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் வேலையை விட்டே ஒரு வருடமாகிறது. அக்காவைப் பற்றி நீங்கள் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கும் இந்தப் பட்டறை குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டது மஞ்சுளாதான்.

நம் சாயப்பட்டறை லேபைப் பார்த்துக்கொண்டவர் அக்கா. திருநெல்வேலிப் பக்கம். வாரத்தில் ஒரு நாள் கரண்ட் நிறுத்தப்பட்ட அந்த வருடம், அந்த நாட்களில் நம் அனைவரையும் பட்டறைக்குப் பின்னால் ஓடைக்கரைக்குக் கூட்டிப்போவார். "ஏனுங்க, கரண்ட் இல்லீன்னா பிக்னிக்குங்களா?" என்று கேட்டபடி முதலாளியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "பிக்னிக்தான் சார். சோறு கெடையாது, நாத்தம் உண்டு" என்றார் அக்கா. கால் மணி நேரம் யாரும் பேசக்கூடாது. பிறகு, ஓடையில் இறங்கும் சாயம் குறைய, தன் மேஜையில் மாற்றக்கூடிய ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "போர்டுல எழுதிப் போட்டா யாரும் படிக்க மாட்டிய. இங்க வந்து நின்னாதான் உறைக்கும்" என்பார்.

கடைசியாகப் போன நாளில் பாறை இடுக்கில் தண்ணீர் நீலமாகத் தேங்கி நின்றது. எனக்கு அந்த நீலம் தெரியும். என் ஆர்டருடையது. சாயம் ஏறிய துணி மாதிரித் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று ஷேடு பார்ப்பது என் வேலை; பகல் வெளிச்சம் தரும் லைட் பாக்ஸில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அவசரத்தில் என் மேஜை டியூப்லைட்டிலேயே பார்த்து, "ஷேடு வரல" என்று திருப்பி அனுப்பியிருந்தேன். சரியாக இருந்த துணியை மொத்தமாக வெளுத்து, மறுபடி சாயம் ஏற்றினார்கள். அத்தனையும் ஓடையில் இறங்கியிருந்தது.

"ரெண்டு தடவ சாயம் போட்டது யாரு தப்புங்க?" என்று கரையிலேயே கேட்டார் முதலாளி. எனக்கு அப்போது ஆறாம் மாதம். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "லேப் ரிப்போர்ட் தப்பாப் போச்சு சார்."

"அப்ப மொதல்ல லேபைப் பாருங்கம்மா. ஓடையை அப்பறம் பாக்கலாம்."

அதோடு ஓடைக்குப் போவது நின்றது. ஏன் நின்றது என்று நீங்கள் ஆளுக்கொன்று பேசிக்கொண்டீர்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏம் பிள்ள இப்படி நடுங்குத? பிள்ளையப் பெத்துட்டு வா. நீயே சார்ட்ட சொல்லிரு. அப்புறம் எல்லாரும் ஓடைக்குப் போவோம்" என்றார் அக்கா, பிரசவத்துக்காக நான் வேலையை விட்ட அன்று. பிறகு இரண்டு முறை போன் செய்தார். "பாப்பாவுக்குச் சளிங்க்கா, அடுத்த மாசம் வர்றனுங்க" என்றேன் இரண்டு முறையும். சளி உண்மைதான். அவர் ஒருவர்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இப்போது பகல் முழுக்க நானும் பாப்பாவும் மட்டும், போன் அடிப்பதில்லை.

எல்லாரும் எழுதிய பிறகு தாமதமாக நான் எழுதுவது இதற்காகத்தான். முதல் சாயத்தில் ஒரு துண்டு, இரண்டாவதில் ஒரு துண்டு, இரண்டையும் ஓர் அட்டையில் பின் அடித்து அக்கா என்னிடம் தந்திருந்தார். அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இன்று மாடி வெயிலில் வைத்துப் பார்த்தேன். எது முதல், எது இரண்டாவது என்று எனக்குத் தெரியவில்லை.

சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள். லேப் ரிப்போர்ட் சரியாகத்தான் இருந்தது.