இருபத்து நான்கு வீடுகளின் வரைபடம்

1. ஒன்றுகூடல் விழாவுக்குப் பழைய குவாட்டர்ஸின் வரைபடம் வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள்.
2. வரைவது என் தொழில் என்பதால் நானே வரைகிறேன் என்றேன்.
3. பன்னிரண்டு நாளில் முடித்து அனுப்பினேன். அளவுகள் எல்லாம் சரி.
4. அதில் யாராலும் தன் வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.
5. என்னோடு படித்த ஒருத்தி நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் வரைந்து அனுப்பினாள்.
6. அதில் எல்லாரும் தங்கள் வீட்டைக் கண்டுபிடித்தார்கள்.
7. அவள் படத்தைக் கணினியில் சுத்தமாக வரைந்து பேனராக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.
8. அதில் ஓர் இடத்தில் நான் கைவைத்தேன்.

முதல் ஏழும் குழுவில் உள்ள எல்லாருக்கும் தெரியும். எட்டாவது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

குவாட்டர்ஸ் என்று நாங்கள் சொல்வது ஜொகூர் பாருவில் பழைய ரயில் நிலையத்தை ஒட்டி இருந்த ரயில்வே குடியிருப்பை. பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு வரிசை. பலகைச் சுவர், தகரக் கூரை. நடுவில் சரளைக்கல் பாதை, அதன் ஓரத்தில் லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடை, ஒரு கோடியில் பொதுக் குழாய். வேலிக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் போகும் தண்டவாளம். இந்தப் பக்கம் பத்து நிமிட நடையில் சந்தை, துணிக்கடைகள், கோயில், படக்கொட்டகை. எனக்குப் பதின்மூன்று வயதானபோது எல்லாரையும் காலி செய்யச் சொன்னார்கள். நாங்கள் ஸ்கூடாய்க்குப் போனோம். இப்போது அந்த இடத்தில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள்.

அவள் வீடு குழாய்க்கு எதிரில் இருந்தது. என் வயது, என் வகுப்பு. இப்போது பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை செய்கிறாள். நான் பெரிய கட்டடங்களில் ஏர்கோன் குழாய்கள் எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணினியில் வரைகிறவள். ஒரு குழாய் இரண்டு விரற்கடை தள்ளிப் போனாலும் என்னைத்தான் கேட்பார்கள். அவள் கடைசியாகப் படம் வரைந்தது பள்ளியில், ஆறாம் ஆண்டில்.

என் வரைபடத்துக்காக நான் செய்தவை: பழைய செயற்கைக்கோள் படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். அப்பாவின் கோப்பிலிருந்து வீடு ஒதுக்கிய கடிதத்தை எடுத்து அறை அளவுகளைப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்துக்கே போய், இன்னும் நிற்கிற வேலித் தூண்களுக்கு இடையே நாடா பிடித்து அளந்தேன். வீடுகளுக்கு ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை எண் போட்டு, ஓரத்தில் விளக்கப் பட்டியலும் வைத்தேன். அது நல்ல வேலை என்று இப்போதும் சொல்வேன்.

கடைசி வீட்டு ஆன்ட்டி குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். "ரொம்ப அழகா இருக்கும்மா. இது எந்த ஊரு?"

அதற்கு முப்பது பேர் சிரித்த முகங்களை அனுப்பினார்கள். நானும் ஒன்று அனுப்பினேன்.

என் தவறு எண்கள். குவாட்டர்ஸில் தபால்காரரைத் தவிர யாருக்கும் வீட்டு எண் தேவைப்பட்டதில்லை. குழாய் வீடு, நண்டு வீடு, ரேடியோ வீடு, நாய் வீடு, இரட்டைப் பிள்ளை வீடு என்றுதான் பேச்சு. நண்டு வீட்டில் ஒவ்வொரு ஞாயிறும் நண்டு சமைப்பார்கள், அதனால் அந்தப் பெயர். நாய் வீட்டு நாய் செத்துப் பல வருடம் ஆகியும் அது நாய் வீடுதான். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததை வரைபடத்தில் எழுதலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளுக்குத் தோன்றியது. ஷிஃப்ட் இடைவேளையில், நாற்காலியில் தாளை வைத்துப் பென்சிலால் வரைந்திருக்கிறாள். குழாய் ஒரு வீட்டைவிடப் பெரிதாக இருந்தது. நாய் மூன்று வீட்டு நீளம். ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் லோங்காங் ஓரத்தில் நின்றது, பின்னால் தொங்கும் பொட்டலங்கள் உட்பட. இரண்டு வரிசையும் இணையாகவே இல்லை, போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கின. அந்தக் கணக்கில் கடைசி இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் போக முடியாது.

ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கும் மேல் செய்திகள். யார் வீட்டு வாசலில் யார் விழுந்து பல் உடைத்தார்கள், ரொட்டிக்காரர் யாருக்கு மட்டும் காயா ஜாம் தடவிக் கொடுத்தார் என்று வந்துகொண்டே இருந்தன. ஒருவர் அழுததாகவும் எழுதினார். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியை வரைந்து முடித்தேன்.

குழுவை நடத்துகிறவர் ரேடியோ வீட்டு அண்ணன். அவர் கூப்பிட்டு, அவள் படத்தையே பேனராகப் போடலாம், நான் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் கொடுத்தால் போதும் என்றார். பிறகு என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்.

"உன்னோடதும் போடலாம் லா. கீழ ஒரு மூலைல."

வேண்டாம் அண்ணே என்றேன். அவள் படத்தைச் செய்து தருவதாகவும் சொன்னேன். குரல் நன்றாகத்தான் இருந்தது.

பொறாமை என்ற சொல்லைத் தவிர்க்க இரண்டு நாள் முயன்றேன். அவள் ஓவியம் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். கூட்டம் எளிதானதைத்தான் விரும்பும் என்று சொல்லிப் பார்த்தேன். உண்மை என்னவென்றால், அவள் வரைந்த எதன் பக்கத்திலும் நான் நின்றதில்லை. குழாயடியில் நான் குளித்ததில்லை. நண்டு வீட்டில் சாப்பிட்டதில்லை. ரொட்டிக்காரரின் ஹார்ன் சத்தம் எனக்குத் தெரியும், அவர் முகம் தெரியாது. பதின்மூன்று வருடம் அங்கே இருந்தேன், பெரும்பாலும் மேசைமுன்.

அம்மா ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் லயத்து வீட்டில் யார் என்ன சமைக்கிறார்கள், யார் ஏன் அழுகிறார்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்பார். கல்யாணமாகி டவுனுக்கு வந்து பார்த்தால் இங்கேயும் அதே லயம்தான், வாசலில் ரயில் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பள்ளி விட்டு நான் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிடுவார். ஜன்னல் மட்டும் திறந்திருக்கும்.

அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒருநாள் கூப்பிட்டாள். சிங்கப்பூர் போகிற ரயில் குவாட்டர்ஸுக்கு எதிரிலேயே பழுதாகி நின்றுவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் வேலி ஓட்டையில் புகுந்து ரயிலைத் தொடப் போகிறார்கள்.

"வெளிய வா லா. ரயிலு நிக்குது."

அம்மா பின்கட்டில் இருந்தார். கணக்கு நோட்டு திறந்திருந்தது. நான் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து அவள் திரும்பி வந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி உள்ளங்கைக் கறுப்பைக் காட்டினாள். இரும்பு சூடாக இருந்தது என்றாள். சக்கரம் அவள் தோள் உயரம் என்றாள். ஜன்னலோரம் இருந்த ஒரு சீனப் பாட்டி எல்லாருக்கும் புளிப்பு மிட்டாய் போட்டார் என்றாள்.

இதை நான் அலுவலகத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இரும்பின் சூடு, சக்கர உயரம், புளிப்பு மிட்டாய். தொட்டது நான் என்றே சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சொல்வேன், கேட்பவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அவள் தாளை அண்ணன் மூலம் வாங்கி, ஸ்கேன் செய்து, திரையில் பெரிதாக்கினேன். மேல் ஓரம் முழுக்க ரயில். அதைத் தொட்டபடி வரிசையாகப் பிள்ளைகள். தலைகளை எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொரு தலைக்கும் ஏதோ ஓர் அடையாளம் இருந்தது. ஒன்றுக்கு இரட்டைச் சடை, ஒன்றுக்குக் கண்ணாடி, ஒன்றுக்கு மொட்டை. நான் இல்லை. இருக்க வேண்டிய காரணமும் இல்லை.

பிறகுதான் எங்கள் வீட்டைப் பார்த்தேன். இடது வரிசையில் ஏழாவது. கதவில் குறுக்கும் நெடுக்குமாகப் பென்சில் கோடு. கீழே சிறிய எழுத்தில், 'கதவு சாத்துன வீடு'.

எங்கள் வீட்டுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கிறது. பதின்மூன்று வருடம் எல்லாரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது.

அம்மாவைக் கூப்பிட்டு, இப்படி ஒரு பெயர் உண்டா என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"தெரியும். என் காது படவே சொல்லுவாங்க. சாத்துனதாலதான் நீ இப்போ ஏர்கோன் ரூம்ல உக்காந்து கோடு போடுற. அவ எங்க நின்னு வேல பாக்குறா?"

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இரண்டு பேர் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு என் பக்கம்தான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பதினொரு தலையோடு சேர்ந்த இன்னொரு தலை. அதை வரைய எனக்கு அரை நிமிடம் ஆகும். சுட்டியைக் கொண்டுபோய் வைக்கவும் செய்தேன். இரட்டைச் சடைக்கும் மொட்டைக்கும் நடுவில் இடம் இருந்தது. என் தலைக்கு என்ன அடையாளம் போடுவது என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாகக் கதவின் மேல் இருந்த கோடுகளை அழித்தேன். எழுத்தையும் அழித்துவிட்டு, 'சிக்னல் வீடு' என்று எழுதினேன். அப்பா சிக்னல் பிரிவில் வேலை செய்தவர், அதனால் அது பொய் இல்லை என்று வைத்துக்கொண்டேன். மற்ற இருபத்து மூன்று வீடுகளிலும் அவள் எழுதியதை அப்படியே விட்டேன். இணையாக இல்லாத வரிசைகளைக்கூட நேராக்கவில்லை.

விழா லார்க்கினில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பேனர் எட்டடி நீளம். சாப்பாட்டு மேசையைவிட அங்கேதான் கூட்டம். ஆளாளுக்குத் தங்கள் வீட்டு மேல் விரல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் தொழிற்சாலைச் சட்டையோடு நேரே வந்திருந்தாள். எல்லாரும் அவளைக் கட்டிப்பிடித்தார்கள். என்னிடம் பிரிண்ட் நன்றாக வந்திருக்கிறது என்றார்கள்.

கடைசி வீட்டு ஆன்ட்டி இப்போது கடைசி வீட்டுக்காரர் என்று அழைக்கப்பட்டாலும், முதல் சில வருடம் இடது வரிசையின் நடுவில் ஒரு வீட்டில் இருந்தாராம். மகன் பிறந்தது அந்த வீட்டில். அதைத்தான் தேடினார். பேனருக்கு முன்னால் போய்ப் போய் வந்தார். மகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"கதவு சாத்துன வீடு எங்கம்மா? அதுலேருந்து மூணாவது நம்ம வீடு." விரல் எழுத்துகளில் ஊர்ந்தது. "சிக்னல் வீடா? சிக்னல்ல ஆறு பேரு வேல செஞ்சாங்க. இது யாரு வீடு?"

பக்கத்தில் இருந்த இன்னொருவரும் அதையே தேடிக்கொண்டிருந்தார். அவர் வீடு எதிர்வரிசை. அவர் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் நேரே தெரிந்தது எங்கள் மூடிய கதவுதான் போலிருக்கிறது. ஆன்ட்டி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"நீ அந்த வீட்டுப் புள்ளதானே? உன் வீட்டையே காணோமேம்மா."

இதைக் கேட்டு அவள் வந்தாள். பேனரைப் பார்த்தாள். "நா இப்படி எழுதலையே" என்றாள், என்னிடம் மட்டும் கேட்கும்படி.

இடம் பத்தவில்லை என்றேன்.

"ரயிலுக்கே இடம் பத்துச்சு."

அவள் பேனரை விட்டு என் பக்கம் திரும்பினாள். கேலி செய்யப் போகிறாள் என்று நினைத்தேன். கேலி செய்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"யாரும் திட்டிச் சொல்லல. வழி சொல்றதுக்குத்தான். புதுசா யாரு வந்தாலும் உங்க வீட்டத்தான் சொல்லுவோம், அதான் மாறவே மாறாது." வரவேற்பு மேசையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீயே எழுது. உன் கைதான் நேரா வரும்."

ஆன்ட்டி இன்னும் தேடிக்கொண்டிருந்தார். நான் மார்க்கரை வாங்கி, 'சிக்னல் வீடு' என்பதற்குக் கீழே, பழைய பெயரை எழுதினேன். எழுத்துகள் ஒரே உயரம். ஆன்ட்டி அங்கிருந்து மூன்று வீடு எண்ணி, விரலை வைத்து, அசையாமல் நின்றார். மகள் படம் எடுத்தார்.

அவள் அதற்குள் நண்டு வீட்டுக்காரர்களோடு பேசப் போய்விட்டாள். ஏதோ சொன்னாள், பத்துப் பேர் சிரித்தார்கள். அது என்ன என்று எனக்குக் கேட்கவில்லை.

இப்போது நிலைமை இது. பேனர் அண்ணன் வீட்டில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. படத்தின் பிரதி வேண்டும் என்று ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் உள்ள கோப்பில் இன்னும் 'சிக்னல் வீடு' என்றுதான் இருக்கிறது. திருத்த ஒரு நிமிடம் போதும். விழா முடிந்து மூன்று வாரம் ஆகிறது, நான் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.