எதிரி குதித்துப் பார்க்கிற கேலரி

தொண்ணூற்றிரண்டில் கால்பந்து இறுதிப்போட்டியின்போது, தாமிரபரணிக்கு அக்கரைக்காரர்களின் மூங்கில் கேலரி சரிந்து இரண்டு பேர் செத்தார்கள். வேடிக்கையென்று நினைத்து இக்கரைக் கேலரியில் முதலில் சிரித்தவர் அப்ரார்.

அதன்பிறகு வருஷாவருஷம் ஆட்டத்துக்கு முன், தமது நூற்றுப்பத்து கிலோவோடு அக்கரைக் கேலரியில் ஏறி, தாங்குமா என்று குதித்துப் பார்ப்பார். சொந்த ஆள் பையக் குதிப்பான், எதிரிதான் உடைக்கிற ஆசையோடு குதிப்பான் என்று அக்கரைக்காரர்களே செய்த ஏற்பாடு அது.

தொண்ணூற்றேழில் ஐந்தாவது குதியில் ஒரு கட்டு நெகிழ்ந்தது. அப்ரார் கயிறு கேட்டார்.

“தோத்துருவோம்னு நேரத்தக் கடத்துதீராவே?” என்றார் அக்கரை நடராஜ்.

“நீரு தோத்து அழுகத நான் பாக்கணும்லா? அதுக்கு உமக்கு உசுரு வேணும்வே.”

இறுக்கிக் கட்டிவிட்டு மறுபடியும் குதித்தார். மூங்கில் அசையவில்லை. “ச்சே!” என்று மைதானத்துக்கே கேட்கும்படி அலுத்துக்கொண்டு அப்ரார் இறங்கினார்.